சங்கல்பமும் 1,380 கோடி வருஷமும்

(ஹைதராபாத் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பிரபஞ்சத்தின் தோற்றம்: விஞ்ஞானம் சொல்வதும் வேதம் சொல்வதும்" என்று காரியதரிசி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் நிரூபித்துக் காட்டுவேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கலாம். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி நிரூபிக்கப் போய், சொந்தப் பேரனிடம் வகையாக மாட்டிக்கொண்டவன் நான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

31 வருஷம் இண்டர்மீடியட் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவன். காலையில் சந்தியாவந்தனம், பத்து மணிக்கு நியூட்டன் விதி. இரண்டுக்கும் சண்டை வந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பேரனுக்குப் பூணூல் போட்ட சமயம், உறவினர்கள் கூடியிருந்தபோது, நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: "பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம். விஞ்ஞானிகள் கணக்கில் பூமிக்கு வயது 454 கோடி. பார்த்தாயா, ரிஷிகள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்!" எல்லோரும் தலையாட்டினார்கள். பேரனும் ஆட்டினான்.

அடுத்த ஆவணி அவிட்டத்தன்று வாத்தியார் மகா சங்கல்பம் பண்ணி வைத்தார். சுவேத வராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், 28-ஆவது கலியுகம், அதில் முதல் பாதம். நாம் எல்லோரும் வருஷா வருஷம் சொல்வதுதான். சாப்பாடு முடிந்ததும் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"தாத்தா, சங்கல்பத்தில சொன்னதைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு மன்வந்தரம் முடிஞ்சாச்சு, ஏழாவதில 27 மகாயுகம் முடிஞ்சாச்சு, அதுக்கு மேல மூணு யுகம். இந்தக் கல்பத்தில இதுவரைக்கும் 197 கோடி வருஷம்தான் ஆயிருக்கு. 432 கோடிங்கறது முழுப் பகலுக்கு. நாம அதில பாதிகூடத் தாண்டலையே! பூமிக்கு 454 கோடின்னா மீதி 257 கோடி எங்க?"

நான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மகாயுகம் ஒன்றுக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் வருஷம், மன்வந்தரத்துக்கு 71 மகாயுகம், இடையில் வரும் சந்திகள், எல்லாம் சரியாகவே எடுத்திருந்தான். 197 கோடியே 29 லட்சம். அவன் கணக்கில் தப்பில்லை.

சமாளிக்கப் பார்த்தேன். "கல்பத்தை விடு, பிரம்மாவின் ஆயுசைப் பார்" என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தான். சங்கல்பத்தில் "த்விதீய பரார்த்தம்" என்கிறோம். அதாவது பிரம்மாவுக்கு 50 வயது முடிந்துவிட்டது. ஒரு நாளும் ஓர் இரவும் சேர்ந்தால் 864 கோடி. வருஷத்துக்கு 360 நாள், 50 வருஷம். பெருக்கினால் 155 லட்சம் கோடி வருஷத்துக்கு மேல் வருகிறது. விஞ்ஞானம் பிரபஞ்சத்துக்குச் சொல்லும் வயது சுமார் 1,380 கோடி. ஒன்று மிகவும் குறைகிறது, இன்னொன்று பதினோராயிரம் மடங்கு அதிகமாகிறது.

பிறகு அவன் கேட்டதுதான் என்னைத் தைத்தது. "நீங்க சொன்ன இது தப்புன்னா, மத்ததெல்லாம் மட்டும் எப்படி சரியா இருக்கும் தாத்தா?"

அன்பர்களே, இதுதான் விஷயம். பிரபஞ்சத்தின் வயது எவ்வளவாக இருந்தாலும் நம் வீட்டு அரிசி விலை மாறப்போவதில்லை. ஆனால் நாம் பெருமைக்காகச் சொல்லும் ஓர் அரைகுறைப் பொருத்தத்தை ஒரு குழந்தை ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிடுகிறது. உடைந்தபின் அது அந்தப் பொருத்தத்தை மட்டும் தூக்கி எறிவதில்லை, சங்கல்பத்தையும் சேர்த்தே எறிந்துவிடுகிறது. அவனும் சில வாரம் சந்தியாவந்தனத்தை நிறுத்திவிட்டான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. தப்பு என் பேரில்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு விசித்திரம் கிடைத்தது. 1929-ல் எட்வின் ஹபிள் விண்மீன் மண்டலங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகிச் செல்வதைக் காட்டினார். எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகுகிறது. அந்த வேகத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒன்றாக இருந்த காலம் கிடைக்கும். ஹபிளின் அன்றைய அளவின்படி அது எவ்வளவு தெரியுமா? சுமார் 200 கோடி வருஷம். நம் சங்கல்பத்தின் 197 கோடிக்கு இதைவிட நெருக்கமான எண் வேண்டுமா? 1935-ல் நான் இந்த மேடையில் பேசியிருந்தால் "விஞ்ஞானம் சங்கல்பத்தை நிரூபித்துவிட்டது" என்று முழங்கியிருப்பேன். நீங்களும் கை தட்டியிருப்பீர்கள்.

1952-ல் ரோமில் கூடிய வானியலாளர் மாநாட்டில் வால்டர் பாடே, தூரங்களை அளக்கப் பயன்பட்ட நட்சத்திரங்களைப் பற்றி ஒரு தவறு நடந்திருக்கிறது, தூரமெல்லாம் சுமார் இரு மடங்கு என்று அறிவித்தார். வயதும் இரட்டித்தது. பிறகு மேலும் திருத்தங்கள் வந்து இன்று சுமார் 1,380 கோடியில் நிற்கிறது. இன்றைக்கும்கூட விரிவின் வேகத்தை இரண்டு வழிகளில் அளந்தால் இரண்டு விடைகள் வருகின்றன. ஒன்று 67-ஐ ஒட்டி, மற்றது 73-ஐ ஒட்டி. அந்த வேறுபாடு இன்னும் தீரவில்லை. தன்னைத் திருத்திக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் பலம். திருத்தப்படக்கூடிய ஒன்றின் மேல் வேதத்தைக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்து நிறுத்தினால், திருத்தம் வரும் நாளில் வேதமும் அல்லவா சரியும்?

இதை முதலில் புரிந்துகொண்டவர் ஒரு பாதிரியார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்தர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே எழுதியவர். 1931-ல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து வந்திருக்கலாம் என்றவர். பெருவெடிப்புக் கொள்கையின் தகப்பனார் என்றே சொல்லலாம். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த ஆராய்ச்சி சிருஷ்டியைப் பற்றிய தங்கள் மத நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கிறது என்ற பொருள்பட ஓர் உரை நிகழ்த்தினார். லெமைத்தர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அவருக்கு அது பிடிக்கவில்லை. அது ஒரு பௌதிகக் கொள்கை, மதத்துக்கு ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்பதுதான் அவர் நிலை. 1952-ல் அதே ரோம் மாநாட்டு வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை. லெமைத்தர் கடைசிவரை பாதிரியாராகவும் இருந்தார், விஞ்ஞானியாகவும் இருந்தார்.

அப்படியானால் நம் சாஸ்திரம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தேடிப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் பெரியவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

தைத்திரீய உபநிஷத்தில் ஆத்மாவிலிருந்து ஆகாசம், பிறகு வாயு, அக்னி, ஜலம், பிருதிவி என்று வரிசை வருகிறது. சாந்தோக்யத்தில் ஆகாசமும் வாயுவும் இல்லை, தேஜஸிலிருந்து ஆரம்பிக்கிறது. ஐதரேயத்தில் வேறு மாதிரி. இந்த முரண்பாட்டை ஆதிசங்கரர் மூடி மறைக்கவில்லை. பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொண்டு, சிருஷ்டியின் வரிசையைச் சொல்வது சுருதியின் நோக்கமே அல்ல, எல்லாவற்றுக்கும் மூலமான வஸ்துவைக் காட்டுவதே நோக்கம் என்கிறார். அவருடைய பரமகுருவான கௌடபாதர், மாண்டூக்ய காரிகையில், மண், இரும்பு, தீப்பொறி என்று சிருஷ்டிக்குச் சொல்லும் உதாரணங்களெல்லாம் சீடனின் புத்தியை ஒருமைக்குக் கொண்டுபோக ஏற்பட்ட உபாயம்தான் என்று முடித்துவிடுகிறார்.

கீதா பாஷ்யத்தில் ஆசார்யாள் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கண்ணால் அறியக்கூடிய விஷயத்துக்குச் சுருதி பிரமாணம் ஆகாது என்பது அவர் கருத்து. நெருப்பு சுடுமா குளிருமா என்பதை வேதத்தில் தேட வேண்டாம். தொட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும். ஒவ்வொரு பிரமாணத்துக்கும் அதனதன் எல்லை உண்டு. கண்ணின் வேலையைக் காது செய்யாது. மற்ற வழிகளில் தெரிந்துகொள்ள முடியாததைச் சொல்லத்தான் சாஸ்திரம். ராமானுஜ சம்பிரதாயத்தில் இந்த உலகம் சத்தியம், அது பகவானின் சரீரம். அப்படிப்பட்ட உலகத்தை உள்ளபடி ஆராய்வதில் தவறு எங்கே வரும்?

நம் யக்ஞ கர்மாக்களுக்கெல்லாம் சாஸ்திரம் வகுத்த மீமாம்ஸகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் ஒரு நாள் தோன்றியது, ஒரு நாள் அழியும் என்பதையே குமாரில பட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. உலகம் என்றும் இப்படியேதான் இருந்தது என்றார். வேதத்தை அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர் அவர்! ஆக, "நம் மதம் சொல்லும் சிருஷ்டிக் கொள்கை" என்று ஒரே ஒன்று கிடையாது.

எண்களும் அப்படித்தான். ஆர்யபடர், கி.பி. 499-ஐத் தன் நூலில் குறிப்பிடுபவர், யுகங்கள் நான்கையும் சமமாகப் பிரித்தார்; கல்பத்துக்கு 1,000 மகாயுகம் என்பதற்குப் பதில் 1,008 என்றார். ஸ்மிருதிக்கு விரோதம் என்று பிரம்மகுப்தர் 628-ல் அவரைக் கண்டித்தார். ஆர்யபடரை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. அவர் கணக்கு தெற்கே பல நூற்றாண்டு வழக்கில் இருந்தது. கணக்கைத் திருத்தலாம் என்பது நமக்குப் புதிதல்ல.

இந்த இடத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒருவரைச் சொல்கிறேன். சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, மதராஸ் வானோக்கு நிலையத்தில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டவர். 1872-ல் லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியில் அங்கத்தினர் ஆனார். பஞ்சாங்கக் கணக்கும் வானத்தில் காணும் காட்சியும் ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும் என்று விடாமல் வாதாடி, திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் நடக்கும் சர்ச்சையில் அவருக்கும் பெரிய பங்குண்டு. அவர் வைதீகத்தை விட்டுவிட்டுத் திருத்தச் சொல்லவில்லை. விரதமும் திதியும் சரியான வேளையில் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் தூரதர்சினியைப் பிடித்தார்.

அவருக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழு சூரிய கிரகணம். மதராஸ் நிலையத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். இன்னொரு குழுவுக்குத் தலைமை தாங்கி ரகுநாதாசாரியார் வந்த இடம் அன்றைய நிஜாம் ராஜ்யத்தின் வனபர்த்தி. இன்று நமக்குத் தெற்கே கர்நூல் சாலையில் போனால் வரும் அதே வனபர்த்திதான். அதே கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்ஸன் பார்த்தார். அன்று சூரியனின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. அது பூமியில் அதுவரை அறியாத ஒரு பொருளின் கையெழுத்து என்று பிறகு தெரிந்தது. ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது 1895-ல்தான் கிடைத்தது.

அந்த ஹீலியத்துக்கும் நம் தலைப்புக்கும் என்ன தொடர்பு? பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஹீலியம். நட்சத்திரங்கள் மட்டும் அவ்வளவைச் செய்திருக்க முடியாது. ஆரம்பத்தில் எல்லாம் மிக நெருக்கமாக, மிக உஷ்ணமாக இருந்தால், முதல் சில நிமிஷங்களிலேயே அந்த அளவு உண்டாகும் என்று கணக்குச் சொல்கிறது. பெருவெடிப்புக்கு மூன்று முக்கிய சாட்சிகள்: விண்மீன் மண்டலங்களின் விலகல், 1964-ல் பென்ஸியாஸும் வில்சனும் கண்ட எஞ்சிய வெப்பக் கதிர், இந்த ஹீலியம். மூன்றாவது சாட்சியை உலகம் முதலில் பார்த்தது நம் பக்கத்து மண்ணில் விழுந்த கிரகண நிழலில். கிரகணத்துக்கு ஸ்நானமும் தர்ப்பணமும் உண்டு என்று அறிந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் அதே நிழலில் தூரதர்சினியோடு நின்றார். இதைவிடப் பெருமை நமக்கு வேண்டுமா? இதில் பொருத்திப் பார்த்த எண் ஒன்றும் இல்லை. நடந்த விஷயம்.

நம்மவர் பெருமை என்று ஆரம்பித்தால் ராமானுஜனையும் சந்திரசேகரையும் சொல்லாமல் விடமாட்டோம். ராமானுஜன் தன் சூத்திரங்களை நாமகிரித் தாயார் அருளியதாகச் சொல்வார். ஆனால் அவை கணித உலகில் நின்றது நிரூபணத்தால். 1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். அவரைக் கொண்டாடும்போது அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. அதேபோல ஜெனீவாவில் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் 2004 முதல் நடராஜர் நிற்கிறார். நம் அரசு அளித்த அன்பளிப்பு அது. அழகான உருவகம்; பார்த்தால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் அது நிரூபணம் அல்ல.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெருவெடிப்புக் கொள்கை, பிரபஞ்சம் சூன்யத்திலிருந்து எப்படி வந்தது என்று சொல்வதில்லை. மிக நெருக்கமான, மிக உஷ்ணமான ஒரு நிலையிலிருந்து அது எப்படி விரிந்தது என்றுதான் சொல்கிறது. அதற்கு முன்னால்? அந்த முதல் கணத்தில் இன்று நாம் அறிந்த பௌதிகம் வேலை செய்யவில்லை. ரிக் வேதம் பத்தாவது மண்டலத்தில் 129-ஆவது ஸூக்தமான நாஸதீயம் ஏழே மந்திரம். எல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், தேவர்களே பிற்பாடு வந்தவர்கள்தானே என்று சொல்லி, மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியுமோ, அவனுக்கும் தெரியாதோ என்ற சந்தேகத்தில் முடிகிறது. அதைப் பாடியவர் பெருவெடிப்பை அறிந்திருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. அந்த தைரியம்தான் எனக்குப் பூணூல் கல்யாணத்தன்று இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை நௌபத் பஹாடுக்கு அழைத்துப் போனேன். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். 1976-ல் சுவாமி ரங்கநாதானந்தர் திறந்து வைத்த பிர்லா மந்திர் ஒரு பக்கம். 1985-ல் திறந்த கோளரங்கம் இன்னொரு பக்கம். முதலில் கோளரங்கம் பார்த்தோம். பிறகு பெருமாளைச் சேவித்தோம். தியானத்துக்கு இடைஞ்சல் கூடாதென்று அந்தக் கோயிலில் மணியே வைக்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தபோது பாறையைத் தட்டிக் காட்டினேன். "இந்த ஹைதராபாத் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம். சங்கல்பத்தில் உன் கணக்கு 197 கோடி. நாம் உட்கார்ந்திருக்கிற கல்லே கல்பத்தைவிடப் பெரியது. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "அப்ப சங்கல்பத்தை எதுக்குச் சொல்றோம்?" என்றான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சங்கல்பம் என்பது விலாசம். ஒரு கையளவு ஜலத்தை விடப்போகிறவன், பிரம்மாவின் ஆயுசில் ஆரம்பித்து, கல்பம், யுகம், வருஷம், மாசம், திதி என்று இறங்கி, இந்த இடம், இந்த நான் என்று வந்து நிற்கிறான். காலத்துக்கு முன்னால் நான் எவ்வளவு சிறியவன், ஆனாலும் இந்தக் காரியத்தை இன்று செய்யப்போகிறேன் என்று சொல்கிறான். அதனால்தான் ஊருக்கு ஊர் அது மாறுகிறது. இந்தப் பக்கத்தில் கிருஷ்ணா கோதாவரிக்கு மத்தியப் பிரதேசம் என்கிறோம். அமெரிக்காவில் நம் வாத்தியார்கள் கிரௌஞ்ச த்வீபம் என்று சொல்லி வைக்கிறார்கள். கடல் தாண்டியபோது விலாசத்தை மாற்றிக்கொண்டவர்கள் நாம். 1,380 கோடியைக் கேட்டால் அந்த விலாசம் இன்னும் நீளும், நான் இன்னும் சிறியவனாவேன். செய்ய வேண்டிய காரியம் அப்படியே இருக்கும்.

அவன் உடனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சொன்னால் அது பொய். "யோசிக்கறேன்" என்றான். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் பஞ்சபாத்திரத்தைத் தேடினான். நான் ஒன்றும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன். இப்போது சில நாள் செய்கிறான், சில நாள் இல்லை. ஆனால் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. அதுவே எனக்குப் போதும்.

பல ஊர்களிலிருந்து இதைப் படிக்கப்போகும் அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. குழந்தைகள் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். விஞ்ஞானத்தில் இப்படி, சாஸ்திரத்தில் இப்படி என்று இரண்டையும் அதனதன் முழு உருவத்தில் சொல்லுங்கள். ஒன்றை வெட்டி மற்றொன்றில் ஒட்டாதீர்கள். அடுத்த ஆவணி அவிட்டத்தில் வாத்தியாரிடம் அவசரப்படாமல் சங்கல்பத்தின் அர்த்தத்தைக் கேட்டு, குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 197 கோடி வரும். அப்போது அது கேட்கும் கேள்விக்கு நீங்கள் தயாராக இருப்பீர்கள்.